நாலாவது ஓட்டை

வெளிநாடு போகிறவனிடம் சொந்தக்காரர்கள் புடவை கேட்பார்கள், முறுக்கு கேட்பார்கள், முட்டிவலித் தைலம் கேட்பார்கள். கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் யோகராஜா என்னிடம் மூன்று மீட்டர் கேட்டார். ஒன்று எஞ்சின் எண்ணெயின் சூட்டைக் காட்ட, ஒன்று அதன் அழுத்தத்தைக் காட்ட, ஒன்று பேட்டரியின் வோல்ட்டைக் காட்ட. மூன்றும் அவருடைய பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளுக்கு. "இங்க கிடைக்கிறதே இல்ல மச்சான். கிடைச்சாலும் ஊசி ஒண்ணு சொல்லுது, எஞ்சின் ஒண்ணு சொல்லுது" என்றார் போனில். கோயம்புத்தூர் உக்கடத்தில் இருபத்தெட்டு வருடமாக மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் இப்படிச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? என் கையாலேயே மூன்றையும் சோதித்து, லுங்கிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

தங்கை என்றால் சித்தி மகள். அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்தவர்கள் என் பெற்றோர். வராமல் அங்கேயே நின்றுவிட்டவர் சித்தி. அவர் மகள் புஷ்பா இப்போது தோட்டப் பாடசாலையில் கணக்கு டீச்சர். யோகா என்று நாங்கள் கூப்பிடும் யோகராஜா பல்லேகலவில் ஒரு துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக். இவர்களைப் பார்க்க நான் இலங்கைக்குப் போனது இதுதான் முதல் தடவை.

விமான நிலையத்தில் ஒரு அதிகாரி மீட்டரைக் கையில் எடுத்து, கடிகாரமா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு முள்தானே இருக்கிறது, அப்படியானால் மணி மட்டும் காட்டுமா என்றார். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் நின்ற வரிசை என்னை முறைத்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

கண்டியிலிருந்து வத்தேகமவுக்குப் போன பஸ்ஸில் இன்னும் மோசம். பெட்டியை மேலே வைக்க இடமில்லை. அடி படக்கூடாதே என்று மீட்டர்களை எடுத்து மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு நடுவில் நின்ற ஒருவரிடம் ஏதோ கேட்டார். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "பிரஷர் பார்க்கிற மெஷினா என்று கேட்கிறாங்க." ஒன்று பிரஷர் பார்ப்பதுதான் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டிவிட்டார். எஞ்சினுக்கு என்று விளக்குவதற்குள் பஸ் இரண்டு ஊரைத் தாண்டியது. பஸ் போன வேகத்தில் எனக்கே பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது. நம்மூர் டிரைவர்கள் வளைவில் ஹாரன் அடிப்பார்கள். இவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்துவிட்டு வளைவில்தான் மூச்சு வாங்குகிறார்கள்.

வீட்டில் புஷ்பா ரொட்டியும் கட்டச் சம்பல் என்ற துவையலும் வைத்தாள். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட தடித்த ரொட்டி. சம்பலில் மிளகாயைத் தவிர வேறு என்ன இருந்தது என்று கண்ணீருக்கு நடுவே தெரியவில்லை. இரண்டாவது ரொட்டி கேட்டபோது அவள் மேல் தட்டிலிருந்து பாத்திரத்தை வலது கையால் மட்டும் எட்டி எடுத்தாள். இடது கை தோளுக்கு மேலே போகவில்லை.

"கையில என்னம்மா?"

"காறை எலும்பு முறிஞ்சு ஒட்டியிருக்கு அண்ணே. அவரு சொல்லலையா?"

அவர் சொல்லவில்லை. போனில் "ஒரு சின்ன சறுக்கல்" என்றுதான் சொன்னார். எலும்பு முறிந்தது சின்ன சறுக்கல் என்றால் பெரிய சறுக்கல் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். யோகா தலையைச் சொறிந்துகொண்டு, "அதுக்குத்தானே மச்சான் மீட்டரு" என்றார். சரி, வண்டி எங்கே, இப்போதே மாட்டிவிடலாம் என்றேன். வண்டி அலவத்துகொடவில் ஒரு பட்டறையில் இருக்கிறதாம், நாளைக்குப் பார்க்கலாமாம். கடல் தாண்டி மீட்டர் வந்துவிட்டது, வண்டி வீட்டுக்கு வரவில்லை!

மறுநாள் விடிவதற்கு முன்பே புஷ்பா சேலையும் கைப்பையுமாகப் பஸ்ஸுக்கு ஓடினாள். இங்கே டீச்சர் என்றால் சேலைதான். பஸ் ஒரு சந்தி வரைதான் போகும். அதற்கு மேலே ஒரு மணி நேரம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். வண்டியில் போனால் மொத்தமே அரை மணி நேரம். விழுந்த நாளிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை என்று யோகா அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

அலவத்துகொட போகிற வழியில், கண்டியில் ஒரு கடையில் தேநீருக்கு உட்கார்ந்தோம். நான் கேட்டது ஒரு தேநீர். வந்தது ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் கட்லட்டும் பட்டிஸும். நாங்கள் கேட்கவில்லையே என்றேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம் என்றார் யோகா. விட்டது எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மேசைக்குப் போனது. அப்படியானால் நமக்கு வந்தது எந்த மேசையிலிருந்து வந்தது? கோபத்தில் நாலு ரோல்ஸ் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹெட்லைட்டையும் ஹேண்டில்பாரையும் சுற்றி முன்பக்கத்தில் வரும் ஃபைபர் கூட்டை ஃபேரிங் என்பார்கள். யோகாவின் வண்டிக்கு அதைக் கையாலேயே வார்த்துக் கொடுத்தவர் நஸீர் நானா. நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்லும் முறை. யோகாவும் அப்படித்தான் கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும். கை முழுக்க ஃபைபர் தூள்.

"வாங்க, இரிங்க. இந்தியாவுல இருந்து மீட்டரோட வந்திரிக்கிறது நீங்களா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கூட்டைப் பார்த்தேன். குறை சொல்லத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஒரு மடிப்பு, ஒரு குமிழி கிடையாது. ஏற்கெனவே உள்ள வேகமானியும் சுழற்சி மீட்டரும் உட்கார இரண்டு குழி, அதற்குக் கீழே புதிய மீட்டர்களுக்கு வெறும் பலகை மாதிரி ஒரு இடம். ஓட்டை எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ய நானா டீ சோசரையும் டின்பால் மூடியையும் வைத்துக் காகிதத்தில் வட்டம் வரைந்து வெட்டினார். வட்டங்களைக் கூட்டின் மேல் ஒட்டினார். யோகா வண்டியில் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்சம் மேலே என்றார். நான் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் கண்ணாடி மின்னிக் கண் கூசும் என்றேன். நானா உட்கார்ந்து பார்த்தார். ஹேண்டிலைத் திருப்பினால் கிளச் கம்பி இடிக்கும் என்றார். இப்படியே மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்பு பாதி, பின்பு பாதி என்று ஒரு பகல் போனது.

எல்லாம் முடிந்து நானா துளைக்கும் மெஷினைக் கையில் எடுத்த பிறகு யோகா சொன்னார்: "மச்சான், மூணு ஆகாது."

"என்னது?"

"மூணு வைக்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு யாராச்சும் மூணு பேராப் போவாங்களா? நாலாக்கிடுவோம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்று கேட்டது இவர், மூன்று கொண்டுவரச் சொன்னது இவர். பழைய மீட்டர் இரண்டையும் சேர்த்தால் ஐந்து, ஐந்து நல்லதுதானே என்றேன். "அது பழசு. புதுசா வைக்கிறதுதான் கணக்கு" என்றார். மெஷின் மெக்கானிக் பேசுகிற பேச்சா இது? நியாயம் கேட்க நானாவைப் பார்த்தேன்.

"எங்களுக்கெண்டா மூணு நல்லந்தான்" என்றார் நானா. "ஆனா வண்டி ஒங்கட, கணக்கும் ஒங்கட. முன்னுக்கு மூணுக்குத்தான் எடமிரிக்கி. நாலாவது வேணுமெண்டா இடப்பக்கம், ஓரத்துலதான் போடணும்."

"அதுல எதை வைக்கிறது?" என்றேன்.

"எனத்துக்கு வைக்கணும்? ஓட்டை இரிந்தாப் போதும்தானே?"

ஓட்டை இருந்தால் போதும் என்று யோகா ஒத்துக்கொண்டார். அழகான கூட்டின் இடது ஓரத்தில், எதற்குமே பயன்படாத நாலாவது ஓட்டையை என் கண் முன்னால் போட்டார்கள். மழைத் தண்ணீர் போகாமல் இருக்க நானா ஒரு டின்பால் மூடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து அதில் பொருத்தினார். அச்சாகப் பொருந்தியது. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா, வேலை அரை நாள். கூட்டுக்குப் பெயின்ட் காய வேண்டும் என்று சனிக்கிழமையும் போயிற்று. கோயம்புத்தூரில் என் கடையில் இந்த வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பேன் என்று இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "சொல்லுங்க அண்ணே, சொன்னா ஆறும்" என்று புஷ்பா என்னை வத்தேகம சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே முருங்கைக்காய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் விழுந்த கதையை எனக்குச் சொன்னாள்.

அவள் பாடசாலையில் காலை ஏழரைக்கு அதிபர், அதாவது தலைமையாசிரியர், வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். நேரத்துக்கு வந்தவர்கள் கையெழுத்து கோட்டுக்கு மேலே, பிந்தியவர்கள் கையெழுத்து கீழே. பதினொரு வருடத்தில் புஷ்பா ஒரு நாளும் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டதில்லை.

"அன்னைக்கு லேட்டு. ஏத்தத்துல போறப்பவே எனக்குக் கால்ல சூடு தெரிஞ்சிச்சு அண்ணே. தீஞ்ச வாடை வந்திச்சு. சொன்னேன். 'ஒண்ணுமில்ல, பேசாம உக்காரு, நிப்பாட்டினா சிவப்புக் கோடு விழுந்துரும்'னாரு. நானும் பேசாம உக்காந்தேன். எனக்கும் கோடுதான் பெரிசாப் போச்சு. அடுத்த வளைவுல எஞ்சின் இறுகி டயர் அப்படியே நின்னுருச்சு."

"வலிச்சுதா?"

"எலும்பு முறிஞ்சது கூட அவ்வளவு வலிக்கல. வண்டி சூடானது அவருக்கும் தெரியும். தெரிஞ்சே ஒண்ணுமில்லன்னாரு பாருங்க, அதுதான்." கருவாட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "இப்ப ஸ்கூல்ல குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியா இருக்கு. அடுத்த தவணை ஸ்கூல் தொறந்ததுல இருந்து திங்கள் போய் வெள்ளி வர்றதா அதிபர்கிட்ட கேட்டிருக்கேன். இவருகிட்டயும் சொல்லிட்டேன். மீட்டர் வரட்டும், அது நெசத்தைச் சொன்னா ஏறுறேன், இல்லன்னா குவார்ட்டர்ஸ்தான்."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். ஒரு வீட்டில் இருக்கிற இரண்டு பேர் வாரத்தில் ஐந்து நாள் இரண்டு வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது என் லுங்கிக்குள் வந்த ஒரு ஊசியில் வந்து நின்றிருக்கிறது. இதை முன்பே சொல்லியிருந்தால் இரண்டு லுங்கி சுற்றியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. மூன்று மீட்டரையும் நானே மாட்டினேன். எஞ்சினிலிருந்து வருகிற கம்பிகளை யோகா முன்பே இழுத்து, டேப் சுற்றித் தயாராக வைத்திருந்தார். நான் மீட்டர் பக்கத்தை மட்டும் இணைத்தேன். சாவியைப் போட்டதும் மூன்று ஊசியும் எழுந்தன. எத்தனையாவது தடவையானாலும் அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று யோகா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனோம். புஷ்பா பாடசாலைக்குப் போகிற அதே பாதை. இரண்டு பக்கமும் தேயிலை, வளைவுக்கு வளைவு குழி. யோகாவின் தோளுக்கு மேலே எட்டி ஊசியைப் பார்த்துக்கொண்டே போனேன். சூட்டு ஊசி மெல்ல ஏறி, சரியாக நடுவுக்கு வந்து நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். முதல் கியரில் எஞ்சின் கதறுகிறது, என் கணுக்காலில் அனல் அடிக்கிறது, ஊசி ஆணியடித்த மாதிரி நடுவிலேயே நிற்கிறது.

நல்ல ஊசி அப்படி நிற்காது. ஏற்றத்தில் ஏறும், காற்று பட்டால் இறங்கும், ஒரு மயிரிழையாவது அசையும். நிறுத்தச் சொன்னேன். யோகா, "எதுக்கு மச்சான், எல்லாம் நடுவுலதானே இருக்கு" என்றார். அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இறங்கி, டேங்குக்கு அடியில் கையை விட்டு, அவர் சுற்றிய டேப்பைப் பிரித்தேன். கம்பிக்கு நடுவில் அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர், நகைக்குப் பொடி வைத்த மாதிரி அழகாக ஈயம் பற்றவைத்து உட்கார்ந்திருந்தது. எஞ்சின் எரிந்தே போனாலும் ஊசியை நடுவுக்கு மேலே விடாத வேலை அது.

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ கெட்டுப்போன மீட்டரைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே கெடுத்து வைத்தது வேறு. கோபத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"யோவ் மாப்பிள்ளை! யாரை ஏமாத்த இதை வச்ச? என் தங்கச்சியையா, என்னையா? இவ்வளவு தூரம் நான் தூக்கிட்டு வந்த மீட்டரைப் பொய் சொல்ல வச்சிருக்கியே, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே!"

யோகா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து பேசினார். "எனக்கு ஆசையா மச்சான்? இந்த ஏத்தத்துல ரெண்டு பேரோட ஏறினா எந்த எஞ்சினும் சூடாகத்தான் செய்யும். ஊசி ஏறும். ஏறினா அவ பயந்து இறங்கிருவா. இறங்கினா குவார்ட்டர்ஸுக்குப் போயிருவா. வீட்டுல நான் மட்டும் இருந்து என்ன செய்றது?"

பாவமாகத்தான் இருந்தது. கோபமும் குறையவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் என் கையும் சுத்தமில்லை. கடை தொடங்கிய புதிதில் ஒரு புரோக்கருக்காக ஒரு பழைய வேனின் கிலோமீட்டரைப் பாதிக்கு மேல் பின்னுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கியவர் எங்கள் தெருப் பால்காரர். நாலாவது மாதம் எஞ்சின் போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு என் கடை வாசலுக்கே வந்து, "மீட்டர் கம்மியாத்தானுங்க காட்டுச்சு?" என்று என்னையே கேட்டார். யோகாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். ரெசிஸ்டரை வெட்டி எடுத்துத் தேயிலைக்குள் வீசினேன், கம்பியை நேராக முறுக்கிக் கட்டினேன். என் காலில் இரண்டு அட்டை ஏறியிருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கும் சேர்த்து அவரை மனதுக்குள் திட்டினேன்.

திங்கட்கிழமை காலை. புஷ்பா சேலை உடுத்தி, ஹெல்மெட்டும் பிள்ளைகளின் நோட்டுக் கொப்பிக் கட்டுமாக வந்து நின்றாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று மீட்டரையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். பெருமையாகத்தான் விளக்கினேன். கேட்டுவிட்டு, ஒருக்களித்துப் பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். சேலை கட்டியவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படி, இரண்டு காலும் இடது பக்கம், முகமும் இடது பக்கம்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது யோகாவின் முதுகும் பக்கத்து வீட்டு வாழைமரமும்தான். மூன்று ஆம்பிளைகள் ஒரு பகல் முழுக்க ஏறி உட்கார்ந்து, மேலே கீழே சாய்வு என்று அளந்தோமே, மூன்று பேரும் காலை அகட்டி உட்கார்ந்துதான் அளந்தோம். யாருக்காக இந்த ஊசியோ அவள் சேலை கட்டிப் பக்கவாட்டில் உட்காருவாள் என்பது ஒரு மண்டைக்கும் எட்டவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில், யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

"கழுத்தைத் திருப்பினா ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"அந்தக் கறுப்பு மூடி தெரியுது."

இடது ஓரத்தில் இருந்த டின்பால் மூடி. நாலாவது ஓட்டை. யோகா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பி மட்டுமட்டாக எட்டியது. சூட்டு மீட்டர் நாலாவது ஓட்டைக்குப் போயிற்று, மூடி நடு ஓட்டைக்கு வந்தது. மூன்று ஆகாது என்ற மூடநம்பிக்கையைப் பற்றி அன்றிலிருந்து நான் வாய் திறப்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது இருபது நிமிடம் போயிருந்தது.

புஷ்பா மறுபடி ஏறுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள். "அண்ணே, இது நெசத்தைச் சொல்லுமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யோகா சொன்னார்: "நேத்து வரைக்கும் சொல்லல புஷ்பா. நான்தான் சொல்ல விடாம வச்சிருந்தேன். மச்சான் கண்டுபிடிச்சு எடுத்துட்டாரு. இப்ப சொல்லும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வலது கையால் அவர் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரரின் திரீவீலர் ஆட்டோவில் நான் பின்னால் போனேன். முதல் நாலு வளைவு வரை ஒன்றுமில்லை. ஐந்தாவது வளைவு ஏறும்போது அவள் கழுத்தை எட்டி மீட்டரைப் பார்ப்பது தெரிந்தது. ஆறாவதில் அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி ஓரமாக நின்றது. என்ன பழுதா என்று திரீவீலர்க்காரர் கேட்டார். ஊசி ஏறிவிட்டது என்றேன். இதற்கெல்லாமா நிறுத்துவார்கள் என்று அவர் சிரித்ததைப் பார்த்து, அவரோடும் ஒரு சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போனேன்.

ஊசி சிவப்புப் பட்டைக்கு ஒரு விரல் கீழே நின்றது. மறைக்காமல், தைரியமாக நின்றது. யோகா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு இருபது. இன்னும் கொஞ்ச தூரம்தான் புஷ்பா. இப்ப ஏறினா சிவப்புக் கோட்டுக்கு முன்னாடி போயிரலாம்."

"கோடு போடட்டும்" என்றாள் புஷ்பா. "ஊசி இறங்கட்டும்."

ஓரத்து மதகில் சேலையை ஒதுக்கி உட்கார்ந்தாள். கொப்பிக் கட்டிலிருந்து பிள்ளைகளின் கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து மடியில் விரித்து, சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தாள். யோகா எஞ்சின் பக்கத்தில் நின்று ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழரை ஆனது. மேலே பாடசாலையில் மணி அடிப்பது கேட்டது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் பெயருக்கு மேலே கோடு விழுந்தது. அவள் தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து யோகா மெதுவாகச் சொன்னார். "இறங்கிருச்சு புஷ்பா. ஏறுறியா?"

அவள் எட்டி ஊசியைப் பார்த்தாள். நன்றாகவே இறங்கியிருந்தது. தலையாட்டிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு கொப்பி இருக்கு. முடிச்சிட்டு வாறேன்."

யோகா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மதகில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.